மஞ்சள் வால் ஈட்டி

"வெளிய போங்க" என்றார் அளவுக்காரர்.

நாங்கள் இன்னும் உள்ளேயே போகவில்லை. வாசலுக்கு வெளியே நிற்கிறவனைப் பார்த்து வெளியே போ என்று சொல்லும் மனிதரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"இதுக்கு மேல வெளிய போகணும்னா ரோட்டுக்குத்தான் சார் போகணும்" என்றேன்.

"போங்க. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல."

அண்ணி என்னை ஓரம் கட்டிவிட்டு, தலைமை நடுவர் கொடுத்த அனுமதிச் சீட்டை நீட்டினார். அளவுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குற்றம் கண்டுபிடிக்க ஒன்றும் கிடைக்காத எரிச்சலில் கதவை ஒருக்களித்துத் திறந்தார். உள்ளே நுழையும்போது எங்கள் செருப்பையும் முறைத்தார்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. துப்பறிவது அவர் தொழில். அண்ணன் வீட்டில் சமைத்துப் போடுகிறான், அண்ணி ஊரில் இருக்கிற அயோக்கியர்களைப் பிடித்துப் போடுகிறார், நான் அவருக்கு வண்டி ஓட்டிக்கொண்டும் வாயடித்துக்கொண்டும் கூடவே திரிகிறேன். சம்பளம் வண்டி ஓட்டுவதற்கு மட்டும்தான் என்று அண்ணி அடிக்கடி நினைவுபடுத்துவார்.

அந்த அறை மைதானத்துப் படிக்கட்டுகளுக்கு அடியில், ஜன்னல் இல்லாமல், ரப்பர் வாசனையோடு இருந்தது. ஒரு பக்கம் இரும்புக் குண்டுகளும் தட்டுகளும். இன்னொரு பக்கம் தாங்கியில் நிமிர்ந்து நிற்கும் ஈட்டிகள். மேசைமேல் தராசு, அளவு நாடா, ஒட்டுத்தாள் சுருள். சர்வதேசத் தடகளப் போட்டி அது. எவ்வளவு பெரிய வீரனின் ஈட்டியானாலும் இந்த மேசைக்கு வந்து, எடை போட்டு, நீளம் பார்த்து, ஒட்டுத்தாள் வாங்கிக்கொண்டுதான் மைதானத்துக்குள் போக முடியும். அந்தக் கர்வம் முழுக்க அளவுக்காரரின் மூக்கில் உட்கார்ந்திருந்தது.

"இதுதான்" என்று ஒரு துணியை விலக்கினார்.

வெள்ளி நிற ஈட்டி. வால் மட்டும் பளிச்சென்று மஞ்சள். அந்த மஞ்சளின் நடுவில் இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடு போட்ட வெட்டு, பாதி ஆழத்துக்கு வாயைப் பிளந்துகொண்டு இருந்தது.

ஈட்டிக்குச் சொந்தக்காரர் நடப்பு சாம்பியன். அவரை அணியில் எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள், ஏனென்றால் தனக்குப் பயிற்சி கொடுத்த வாத்தியாரின் பெண்ணையே கட்டிக்கொண்டவர். வாத்தியாருக்கு ஒரு மகனும் உண்டு. அவனும் ஈட்டி எறிகிறவன்தான், நெட்டை என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒரே அணி, ஒரே வாத்தியார், ஒரே குடும்பம். ஆனால் மாப்பிள்ளைக்கும் நெட்டைக்கும் ஏழாம் பொருத்தம்.

அன்று காலை இந்த வெட்டு கண்ணில் பட்டதும் அணியில் எல்லோர் பையையும் சோதித்திருக்கிறார்கள். நெட்டையின் பையில், காலுறைக்குள் சுருட்டி, ஆக்ஸா பிளேடு இருந்தது. சாயங்காலம் ஆண்கள் ஈட்டி எறிதல் இறுதிப் போட்டி. வீரர்களை மைதானத்துக்குள் அழைக்கும்போது நெட்டையின் பெயரை அடித்துவிடப் போவதாகத் தலைமை நடுவர் சொல்லிவிட்டார். அப்புறம் விசாரணை, தடை, ஆயுசுக்கும் ஈட்டியைத் தொட முடியாது.

எங்களை அழைத்தது நெட்டையின் அக்கா, அதாவது மாப்பிள்ளையின் மனைவி. அவர் ஒரு பல் டாக்டர். சொத்தைப் பல்லைக் காட்டி 'எடுத்துடலாம்' என்று சொல்கிற அதே குரலில் அண்ணியிடம் சொன்னார்: "என் தம்பி இன்னிக்கு எறியணும். இத செஞ்சது என் வீட்டுக்காரர்தான்னு எனக்குத் தோணுது. அவர்தான்னா அவர்தான்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன்."

அப்படிப்பட்ட ஆளிடம் நான் ஒருநாளும் வாயைத் திறந்து காட்ட மாட்டேன்.

அண்ணி குனிந்து வெட்டைப் பார்த்தார். பிறகு நடுவில் கயிறு சுற்றியிருந்த கைப்பிடியைப் பார்த்தார். "கொழுந்தனாரே, உங்களுக்கு ஒருத்தன் கைய நாசம் பண்ணணும்னா இதுல எங்க அறுப்பீங்க?"

"கயித்துக்கு அடியில. பிடிச்சு எறியும்போது உடைஞ்சு கையக் கிழிக்கும். மேல கயிறு இருக்கறதால யார் கண்ணுக்கும் தெரியாது."

"இவன் வால்ல அறுத்திருக்கான். அதுவும் மஞ்சள் பெயிண்ட்ல."

"முட்டாப்பய."

"இல்ல. யார் கைக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது, ஆனா பார்த்த உடனே தெரியணும்னு அறுத்திருக்கான். இவனுக்குத் தேவை, இந்த ஈட்டி இன்னிக்கு மைதானத்துக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான்."

அளவுக்காரர் தொண்டையைச் செருமினார். "ஆராய்ச்சி முடிஞ்சுதா?"

"இந்த ரூமுக்குள்ள எந்த வீரர் வந்தார்?" என்று கேட்டார் அண்ணி.

"வீரனுங்கள உள்ள விடமாட்டேன். அது சட்டம். நெட்டை மட்டும் நேத்து சாயங்காலம் வாசல்ல நின்னு எட்டிப் பார்த்தான். மஞ்சவால் இருக்கா, நாளைக்கு வருமான்னு கேட்டான். அப்பவே எனக்கு சுருக்குன்னுது."

"நீங்க இல்லாத நேரத்துல வந்திருந்தா?"

"இந்த ரூம் ஒரு நிமிஷம்கூட ஆளில்லாம இருந்ததில்ல. எங்க வேணும்னாலும் வந்து சத்தியம் பண்றேன்."

"சரி, நெட்டை ஏன் அடுத்தவர் ஈட்டிய விசாரிக்கணும்?"

அளவுக்காரர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். பரிதாபத்தில்கூட ஒரு விரோதம் இருந்தது. "அடுத்தவர் ஈட்டின்னு இங்க ஒண்ணும் கிடையாது. சொந்த ஈட்டிய கொண்டாரலாம். ஆனா இந்த மேசைல வெச்சு நான் ஒட்டுத்தாள் ஒட்டிட்டேன்னா அது எல்லாருக்கும் பொது. போட்டில இருக்கற யார் வேணும்னாலும் எடுத்து எறியலாம். கொண்டாந்தவனே கேட்டாலும் போட்டி முடியறவரைக்கும் திருப்பித் தரமாட்டேன். மனசில்லாதவன் கொண்டாரக் கூடாது."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வேறொரு அணியின் கோச் நீளமான உறையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். தாங்கிக்குப் போய்த் தங்கள் அணி ஈட்டிகளைத் தடவிப் பார்த்தார். உறையை மூலையில் சாத்திவிட்டு, மேசையிலிருந்த பேனாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அளவுக்காரர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்களை முறைப்பதிலேயே குறியாக இருந்தார்.

அண்ணி மட்டும் அந்தக் கோச் போன கதவைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நெட்டை பயிற்சிக் கூடத்தின் கடைசி பெஞ்சில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் மற்ற நாட்டு வீரர்கள் கை காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் பெஞ்சைச் சுற்றி மட்டும் யாரும் இல்லை. அந்த வழியாகப் போன ஒருவன் வேண்டுமென்றே அவன் காலணியை உதைத்துத் தள்ளிவிட்டுப் போனான். இவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உங்க அக்கா அனுப்பினாங்க" என்றார் அண்ணி.

"அவங்கள வீட்டுக்குப் போகச் சொல்லுங்க."

"பிளேடு உங்களுதா?"

"என் பைல இருந்தது. அப்ப என்னுதுதானே?"

"மஞ்சள் வால் ஈட்டி இருக்கான்னு நேத்து எதுக்குக் கேட்டீங்க?"

அவன் துண்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். அண்ணி எவ்வளவோ விதமாகக் கேட்டுப் பார்த்தார். செங்கல் சுவரோடு பேசியிருந்தால் கொஞ்சம் எதிரொலியாவது வந்திருக்கும். எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆயுள் தடை வாங்கப் போகிறவனுக்கு இவ்வளவு வீறாப்பா என்று பற்றிக்கொண்டு வந்தது.

"விடுங்க அண்ணி" என்றேன். "வெளிய எல்லாரும் பேசிக்கறாங்க. முந்தாநாள் தகுதிச் சுத்துல தம்பி எறிஞ்சது ரொம்ப சுமாராம். காத்து அடிச்சதால ஏதோ தள்ளிக்கிட்டுப் போய் விட்டுச்சாம். இன்னிக்கு எப்படியும் கடைசிலதான் வந்திருப்பார். போகாததே மரியாதை."

துண்டு பறந்தது. அவன் எழுந்து நின்றபோதுதான் ஏன் நெட்டை என்கிறார்கள் என்று எனக்கு முழுதாகப் புரிந்தது.

"எவன் சொன்னான் சுமார்னு? அத்தானவிட தூரம் எறிஞ்சேன். அவர் ஈட்டிய எடுத்தே அவரவிட தூரம்..."

நிறுத்திக்கொண்டான். நாக்கைக் கடித்துக்கொண்டது முகத்திலேயே தெரிந்தது.

அண்ணி மெதுவாகச் சொன்னார். "மஞ்சள் வாலை எடுத்து எறிஞ்சது நீங்க."

"ஆமா. அது என் கைக்கு ஒத்து வருது. எனக்கே தெரியாது, முந்தாநாள் சும்மா எடுத்துப் பார்த்தேன். இன்னிக்கும் அதத்தான் எடுக்கறதா இருந்தேன்."

"அப்ப அத அறுத்தா நஷ்டம் உங்களுக்கு. இத ஏன் நடுவர்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்லச் சொல்றீங்க? அத்தான் ஈட்டி இல்லன்னா என்னால எறிய முடியாதுங்க, அதனால நான் அறுக்கலீங்கன்னா? அதுக்கு அறுத்தேன்னே எழுதிக்கட்டும்." அவன் என்னைப் பார்த்தான். "இந்த ஆள கூட்டிக்கிட்டுப் போங்க. இவர் மூஞ்சியப் பார்த்தா எதையாவது எறியணும்போல இருக்கு."

வெளியே வந்ததும் அண்ணி என் முதுகில் தட்டினார். "இன்னிக்கு வாய்க்கும் சம்பளம் உண்டு."

நடைபாதையில் நடந்துகொண்டே நான் வழக்கை முடித்தேன். "ரொம்ப சுலபம் அண்ணி. மாப்பிள்ளை ஆசையா தன் ஈட்டியக் கொண்டாந்தார். மச்சினன் அத எடுத்தே அவர மிஞ்சிட்டான். இனிமே திருப்பிக் கேட்டாலும் தரமாட்டாங்க. சாயங்காலம் உலகமே பார்க்கறப்ப மறுபடி அதாலயே தோக்கணுமா? தன் ஈட்டியத் தானே அறுத்துட்டார். பிளேட மச்சினன் பைல போட்டுட்டார். பல் டாக்டர் சொன்னது சரி."

"மாப்பிள்ளை அந்த ரூமுக்குள்ள எப்படிப் போனார்?"

"அத நீங்க கண்டுபிடிங்க. எல்லாத்தையும் நானே செய்யணுமா?"

மாப்பிள்ளை மசாஜ் மேசையில் குப்புறப் படுத்திருந்தார். தலைமாட்டில் வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் விசில், விறைப்பான நரைமீசை. அணி மேலாளர் எங்களிடம் அவரைப் பற்றி உருகி உருகிச் சொல்லியிருந்தார். சொந்த மகன் என்றும் பார்க்காமல் 'எல்லார் பையையும் சோதிங்க, என் பையன் பையை முதல்ல சோதிங்க' என்று சொன்ன உத்தமராம். எனக்கும் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றியது.

"என் பொண்டாட்டி வெச்ச ஆளுங்களா?" என்றார் மாப்பிள்ளை தலையைத் தூக்காமல். "அவ தம்பிக்காக என்னை மாட்டி விடச் சொல்லியிருப்பாளே."

"சொன்னாங்க" என்றேன்.

"கேட்டீங்களா மாமா, உங்க பொண்ணு லட்சணத்த? அந்தத் திருட்டுப்பய என் ஈட்டிய அறுப்பானாம், பழி எனக்காம்."

"நீ பேசாம படு மாப்பிள்ளை. முதுகு இறுகிடும்." வாத்தியார் எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்க கிளம்புங்க. போட்டிக்கு முன்னாடி என் ஆள்கிட்ட யாரும் பேசக் கூடாது. தப்பு செஞ்சவன் என் மகன். நான் தலை குனிஞ்சாச்சு. இன்னும் என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்" என்றார் அண்ணி. "முந்தாநாள் உங்க மகன் நல்லா எறிஞ்சாராமே?"

வாத்தியாரின் மீசை ஒருமுறை துடித்தது. "அதுக்குப் பேர் எறியறதா? முழங்கையத் தொங்கப் போட்டு, மாங்காய்க்குக் கல் விடற மாதிரி. அது நல்லாருந்துதுன்னு சொல்றவனுக்கு ஈட்டின்னா என்னன்னே தெரியாது."

அண்ணி தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். கதவு எங்கள் குதிகாலை இடிக்கிற மாதிரி சாத்தப்பட்டது.

"கொழுந்தனாரே, மைதானத்துக்கு வெளிய விளையாட்டுச் சாமான் கடை போட்டிருக்காங்க. அங்க மஞ்சள் வால் ஈட்டி, அதே கம்பெனி, அதே மாடல் கிடைக்குமான்னு பாருங்க. கிடைச்சா வாங்கிட்டு வாங்க."

"கிடைக்கலன்னா?"

"கிடைச்ச மாதிரி வாங்க."

அந்தக் கடைக்குப் போய் வந்த கதை தனி. என் உயரத்தைவிட நீளமான ஈட்டிக் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் திரும்புவது எவ்வளவு பாவம் என்று திரும்பின பிறகுதான் தெரிந்தது. ஒரு காவலரின் தொப்பி போனது. ஒரு அம்மாளின் கூலிங்கிளாஸ் போனது. இரண்டு பேரும் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்கள். கேட்டில் நின்றவன் குழாயைப் பார்த்து 'இன்னொரு அறுக்கற ஆளா?' என்றான். விளையாட்டு உடம்புக்கு நல்லது என்று சொன்னவனைத் தேடிப் பிடித்து அடிக்க வேண்டும்போல் இருந்தது.

நான் திரும்பியபோது அளவுக்காரர் அறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். தலைமை நடுவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் நின்றார். மாப்பிள்ளை ஒரு சுவரில் சாய்ந்திருந்தார், நெட்டை எதிர்ச் சுவரில். இருவரும் ஒருவர் காலை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டர் கணவன் பக்கமும் நிற்காமல் தம்பி பக்கமும் நிற்காமல் கதவருகே நின்றார். வாத்தியார் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். வீரர்களை வரச் சொல்லி ஒலிபெருக்கியில் முதல் அழைப்பு கேட்டது.

"சீக்கிரம் பேசிடறேன்" என்றார் தலைமை நடுவர். "இந்த அம்மா சொன்னதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. நெட்டை எறியட்டும். விசாரணை அப்புறம். குத்தம் நிரூபணமானா அவர் தூரத்த அழிச்சுடுவோம்."

பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை பற்களுக்கிடையில் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார்.

"இன்னொரு விஷயம்" என்றார் அண்ணி. "சாம்பியனோட ஈட்டி நாசமானது அநியாயம். அதனால நானே ஏற்பாடு பண்ணினேன். அதே கம்பெனி, அதே மாடல், அதே மஞ்சள் வால். நடுவர் ஒத்துக்கிட்டார். இப்ப எடை போட்டு ஒட்டுத்தாள் ஒட்டிட்டா சாயங்காலம் மத்த ஈட்டிகளோட வெச்சுடலாம். உங்க அணி சம்மதிக்கணும், அவ்வளவுதான்."

நான் குழாயை மேசைமேல் கிடத்தினேன். நெட்டையின் தலை சட்டென்று நிமிர்ந்தது. நான் மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்லு, சொல்லித் தொலை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"குடுங்க" என்றார் மாப்பிள்ளை. "எங்க கையெழுத்துப் போடணும்?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. அண்ணி அசரவில்லை. "ஒட்டுத்தாள் ஒட்டினா பொது ஆயிடும். உங்க மச்சினனும் எடுப்பார். பரவாயில்லையா?"

"எடுக்கட்டும். முந்தாநாள் எனக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு, இந்தப் பய அதுல தப்பிச்சான். இன்னிக்கு ரெண்டு பேரும் ஒரே ஈட்டிய எறிவோம். யாரு யாருன்னு ஊர் பார்க்கட்டும். இவனுக்குப் பயந்து நான் ஈட்டிய ஒளிச்சு வெக்கணுமா?"

"வேண்டாம்" என்றது இன்னொரு குரல்.

எல்லோரும் திரும்பினோம். வாத்தியார்.

"எதுக்கு மாமா வேண்டாம்? அதே மாடல்."

"புது ஈட்டி. கை பழகல."

"நாலு தடவ வார்ம்-அப்ல எறிஞ்சா பழகிட்டுப் போகுது."

"வேண்டாம்னா வேண்டாம். நான் கோச். நான் சம்மதிக்க மாட்டேன்." வாத்தியார் முன்னால் வந்து குழாயின்மேல் கையை வைத்து அழுத்தினார், யாரோ பிடுங்கப் போகிற மாதிரி. "இது மைதானத்துக்குப் போகக் கூடாது."

அண்ணி அளவுக்காரர் பக்கம் திரும்பினார்.

"காலைல நான் தப்பா கேட்டுட்டேன் சார். எந்த வீரர் வந்தார்னு கேட்டேன். ரூம் ஆளில்லாம இருந்ததில்லன்னீங்க. இன்னிக்கு காலைல டீ கீ குடிக்க வெளிய போயிருப்பீங்களே, அப்ப யார் இங்க இருந்தா?"

அளவுக்காரரின் மூக்கிலிருந்த கர்வம் எல்லாம் இறங்கிப் போயிருந்தது. "இவர்தான். நான் பார்த்துக்கறேன், போய்ட்டு வாங்கன்னார். கோச்சுங்க வர்றது போறது வேலைதானே, அத யாராவது வந்த ஆளுன்னு சொல்லுவாங்களா?"

"பைய சோதிக்கச் சொன்னதும் இவர்தான். முதல்ல யார் பைன்னு சொன்னதும் இவர்தான்."

"அப்பா" என்றார் பல் டாக்டர். அந்தக் குரல் ஒரு டாக்டருடையதாக இல்லை.

வாத்தியார் கையைக் குழாயிலிருந்து எடுக்கவில்லை. மறுப்பார், கத்துவார் என்று நினைத்தேன். அவர் மகனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெட்கம் துளியும் இல்லை.

"ஆமா, நான்தான் அறுத்தேன். முழங்கைய ஒசத்துடான்னு சொல்லிச் சொல்லி என் தொண்டை போச்சு. இவன் அஞ்சு வயசுல கம்ப எடுத்தப்பலேந்து சொல்றேன். கேட்டானா? நான் தாழ்த்திதான் எறிவேன், எனக்கு இதான் வருதுன்னான். முந்தாநாள் அந்தத் தொங்கின முழங்கையோட, நான் செதுக்கின ஆள, அதே ஈட்டியால தாண்டிட்டான். இன்னிக்கு உலகம் பூரா பார்க்க மறுபடி தாண்டினா அப்புறம் நான் யாரு? நான் சொல்லிக் குடுத்ததெல்லாம் என்ன? எந்தப் பையன் நாளைக்கு என் பேச்சக் கேட்பான்?"

"அதுக்கு என் பைல பிளேடு வெச்சீங்க" என்றான் நெட்டை.

"ஈட்டி மட்டும் போனா நீ வேற ஈட்டிய எடுப்பே. நீ எறியவே கூடாதுன்னு நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கறேன்."

இந்த வேலையில் கொலைகாரனைப் பார்த்திருக்கிறேன், நம்பினவன் கழுத்தை அறுத்தவனைப் பார்த்திருக்கிறேன். பெற்ற பிள்ளையின் எதிரில் நின்று இப்படி ஒருவர் சொன்னதை அன்றுதான் கேட்டேன். மீசையைப் பார்த்துக் கும்பிட நினைத்தேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

தலைமை நடுவர் கதவைத் திறந்து காவலர்களைக் கூப்பிட்டார். வாத்தியாரின் கழுத்திலிருந்த அனுமதி அட்டையை அவரே கழற்றி வாங்கிக்கொண்டார். வாத்தியார் போகும்போது நெட்டையின் பக்கத்தில் ஒரு கணம் நின்றார்.

"அந்த முழங்கைய வெச்சுக்கிட்டு நீ உருப்பட மாட்டே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். "என்னை சந்தேகப்பட்டே."

"ஆமா."

"வீட்டுக்கு வா. பேசிக்கலாம்."

"பேசலாம்" என்றார் பல் டாக்டர். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

நெட்டை குழாயைத் தொட்டான். "இத எடை போட்டுடலாமா?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் மூடியைத் திருகித் திறந்து, குழாயைக் கவிழ்த்தேன். ஒன்றும் விழவில்லை. கடையில் அந்த மாடல் தீர்ந்து போயிருந்தது, வெறும் குழாயைத்தான் கேட்டு வாங்கி வந்திருந்தேன்.

"மன்னிச்சுக்கங்க" என்றார் அண்ணி. "நிஜமாவே வாங்கத்தான் ஆள் அனுப்பினேன்."

நெட்டை காலியான குழாயை மேசை ஓரத்துக்குத் தள்ளினான். "பரவால்ல. என் ஈட்டியவே எறியறேன்." காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு அழைப்பு அறையை நோக்கி நடந்தான். எங்களுக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

சாயங்காலம் எங்களுக்குக் கோச்சுகள் உட்காரும் வரிசைக்குப் பின்னாலேயே இடம் கிடைத்தது. முதல் சுற்றில் ஒருவன் கோட்டைத் தாண்டிச் சிவப்புக் கொடி வாங்கினான், இன்னொருவன் நன்றாக எறிந்துவிட்டு ஆடிக்கொண்டே போனான். ஒரு விஷயம் அப்போதுதான் கவனித்தேன். எறிந்து முடித்ததும் ஒருத்தனும் தூரம் காட்டுகிற பலகையைப் பார்க்கவில்லை. நேராக வேலிப் பக்கம் திரும்பித் தன் கோச்சைத்தான் பார்த்தான். இங்கிருந்து கை அசையும், 'தோளைத் திற', 'காலை ஊன்று' என்று. அவன் தலையாட்டுவான். அப்புறம்தான் பலகையைப் பார்ப்பான்.

நெட்டையின் முறை வந்தது. கூட்டத்தில் பாதிக்கு அவன் அறுத்தவன் என்பது மட்டும்தான் தெரியும், அறுக்காதவன் என்ற செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. ஊளையிட்டார்கள். அந்த ஊளைக்குள்ளேயே ஓடி வந்தான். முழங்கை தாழ்ந்துதான் இருந்தது. ஈட்டி கையை விட்டுப் போனதும் ஊளை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அது விழுந்து குத்திக்கொண்டு நின்றபோது அதுவரை எறிந்த எல்லார் தூரத்தையும் தாண்டியிருந்தது. வெள்ளைக் கொடி உயர்ந்தது. பக்கத்தில் அண்ணி என் கையை நகம் பதியப் பிடித்திருந்தார்.

நெட்டை கொடியைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்க்கவில்லை. வேலிப் பக்கம் திரும்பினான். எப்படி இருந்தது என்று கேட்கிற மாதிரி உள்ளங்கையைத் தூக்கினான். எங்களுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது.

அடுத்து எறிய வேண்டியவர் மாப்பிள்ளை. ஈட்டியை எடுத்துக்கொண்டு அவனைக் கடந்து போகும்போது, அவன் முகத்தைப் பார்க்காமல், ஏதோ கடன்காரனிடம் பேசுகிற மாதிரி கடுகடுவென்று சொன்னார்.

"இடது கால் லேட்டா ஊனினே. முழங்கை சரியாத்தான் இருந்துது."

நெட்டை தூக்கிய கையை இறக்காமல் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றான். ஓடுபாதையிலிருந்து விலகச் சொல்லி நடுவர் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் தோளைப் பிடித்து நகர்த்த வேண்டியிருந்தது.